குட்டி ஈனும் நாள் நெருங்கும்போது: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இந்த மாதத்தில் எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து, வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் இரண்டு மூன்று ஆடுகளை வைத்து வளர்ப்பவர்கள் எழுதியவை. ஏறக்குறைய எல்லோருமே சினை ஆட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். இரண்டே ஆடுகள் உள்ள வீட்டில் ஒரு குட்டி தவறிப்போனாலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த நம்பிக்கை போய்விடுகிறது என்பதை அறிவேன். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டை ஆடுகள் சினையாக இருக்கின்றன. பெரியது தலைச்சேரிக் கலப்பு, இதற்கு முன் இரண்டு முறை ஈன்றிருக்கிறது. அதை ஜூன் 10ஆம் தேதி பக்கத்துத் தெருவில் உள்ள கிடாவுக்குச் சேர்த்தோம். சின்னது நாட்டு ஆடு, தலையீற்று. அது தெருவில் திரிந்தபோது எப்போது சினைப்பட்டது என்று தெரியவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இவை எந்த நாளில் ஈனும், நாங்கள் எதையெல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும்? – ஒரு வாசகி, வியாசர்பாடி.

பதில்: வெள்ளாட்டின் சினைக்காலம் சராசரியாக 150 நாள்கள். ஐந்து நாள் முன்னதாகவோ ஐந்து நாள் பின்னதாகவோ ஈன்றால் அதையும் இயல்பென்றே கொள்ளலாம். ஜூன் 10ஆம் தேதியிலிருந்து எண்ணினால் நவம்பர் 7ஆம் தேதி வருகிறது. எனவே பெரிய ஆட்டை நவம்பர் 2 முதல் 12 வரை இரவும் பகலும் கண்காணிப்பில் வைத்திருங்கள். அந்த நாள்கள் கடந்தும் ஈனவில்லை என்றால் உடனே பதற்றப்பட வேண்டியதில்லை. முதல் முறை சினை பிடிக்காமல் போயிருந்தால் ஏறக்குறைய 21 நாள்கள் கழித்து ஆடு மறுபடி பருவத்துக்கு வந்திருக்கும். அப்போது உங்கள் கண்ணில் படாமல் கிடாவோடு சேர்ந்திருந்தால் ஈனும் நாள் நவம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதுவும் கடந்துவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரி. கருப்பையில் குட்டி இல்லாமல் நீர் மட்டும் சேர்ந்து, வயிறும் பெருத்து, சினை போலவே தோற்றமளிக்கும் பொய்ச்சினை வெள்ளாடுகளில் உண்டு.

தேதி தெரியாத சின்ன ஆட்டுக்கு அதன் உடம்புதான் நாள்காட்டி. மடியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். தலையீற்று ஆட்டுக்கு மடி நான்காம் மாதத்திலேயே மெல்ல உருவாகத் தொடங்கலாம், பல முறை ஈன்ற ஆட்டுக்கோ கடைசி வாரத்தில்தான் மடி இறங்கும். நான் அதிகம் நம்புவது வாலடியைத்தான். வாலின் அடிப்பகுதியிலிருந்து இருபுறமும் இடுப்பெலும்பை நோக்கி இரண்டு தசைநார்கள் சரிவாகச் செல்கின்றன. மற்ற நாள்களில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பார்த்தால் அவை பென்சில் போல விறைப்பாகத் தட்டுப்படும். ஈனும் நாள் நெருங்க நெருங்க அவை தளர்ந்துகொண்டே வந்து, ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும்போது விரலுக்கே அகப்படாமல் போய்விடும். அந்த இடத்தில் வாலடியைச் சுற்றி விரல்களை வைத்தால் அவை உள்ளே அமுங்கி ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் குழி விழுந்திருக்கும். இன்றிலிருந்தே நாள்தோறும் மாலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும்போது எப்படி இருந்தது என்பது கைக்குப் பழகியிருந்தால்தான் தளர்ந்ததை உணர முடியும்.

இதோடு விலாப்பக்கம் குழிவிழும், பெண்ணுறுப்பு வீங்கித் தளரும், காம்புகள் பால் நிறைந்து பளபளக்கும். ஆடு கூட்டத்தை விட்டு மூலைக்குப் போகும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் படுத்து எழும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்து மெல்லிய குரலில் கத்தும். கெட்டியான வெண்ணிறச் சளி சில நாள்களுக்கு முன்பே தெரியலாம், அதற்காக இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. கண்ணாடி போன்ற தெளிவான சளி நீண்ட இழையாகத் தொங்கத் தொடங்கினால்தான் சில மணி நேரத்தில் ஈனும் என்று பொருள்.

மழைநீரைப் பொறுத்தவரை, ஈனும் இடத்தைத் தெரு மட்டத்தில் வைக்கவே கூடாது. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அதன்மேல் சரக்கு ஏற்றும் பழைய மரப் பேலட்டுகளைப் பரப்பினால் குறைந்த செலவில் ஒரு பரண் கிடைக்கும். பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் குட்டியின் கால் சிக்கி முறிந்துவிடும் என்பதால், அதன்மேல் தடித்த சாக்குகளை விரித்து வைக்கோல் போட வேண்டும். மேலே தார்ப்பாய், மழைச்சாரல் அடிக்கும் பக்கம் ஒரு மறைப்பு, தெருநாய்கள் நுழைய முடியாதபடி ஒரு தட்டிக் கதவு ஆகியவை இருந்தால் போதும். நாய்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். ஈன்ற வாசனைக்கு அவை இரவில் வந்து நிற்கும், ஈன்று களைத்த ஆட்டால் அவற்றை விரட்ட முடியாது.

ஒரு பையில் சுத்தமான பழைய பருத்தித் துணிகள், கையுறை, சோப்பு, புதிய பிளேடு, கொதிக்கவைத்த நூல், டிங்சர் அயோடின், டார்ச் விளக்கு ஆகியவற்றைப் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். மிக அருகில் உள்ள கால்நடை மருந்தகம் எது, அங்கு மருத்துவர் எந்த நேரம் வரை இருப்பார், இரவில் எங்கே போவது என்பதை மழை பிடிப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில்லை. 1903ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்தக் கல்லூரியில், கைவைத்துத் தீராத ஈற்றுக்கு அறுவை சிகிச்சையும் செய்வார்கள். ஆனால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் பாதை சுற்றிப் போகும் என்பதையும், ஆட்டை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் உள்ளது. அதையும் கைப்பேசியில் பதிந்து வைக்கலாம்.

கேள்வி: எங்கள் சினை ஆட்டுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோற்றையும், வீட்டில் புளித்துப்போன இட்லி மாவையும் வைக்கிறோம். நன்றாகத் தின்கிறது. வயிற்றில் குட்டி இருப்பதால் இன்னும் கூட்டிக் கொடுக்கலாமா? – ஒரு வாசகர், காசிமேடு.

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன, அவைதான் தழையையும் வைக்கோலையும் செரிக்க வைக்கின்றன. சோறும் மாவும் பெருமளவில் ஒரே நேரத்தில் உள்ளே போனால் அவை வேகமாகப் புளித்து, வயிறு முழுவதும் அமிலமாகிவிடும். ஆடு தீனியை விட்டுவிடும், அசைபோடாது, வயிறு தளதளவென்று நீர் கோத்தது போல இருக்கும், கழியும், தள்ளாடும். பல ஆடுகள் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடுகின்றன. சென்னைத் தெருக்களில் வளரும் ஆடுகளுக்கு வரும் நோய்களில், கவனமாக இருந்தால் முழுமையாகத் தடுத்துவிடக்கூடியது இதுதான். சினை ஆட்டுக்கு இது வந்தால் தாயோடு குட்டிகளையும் இழக்க நேரிடும். மண்டபத்துக் குப்பையில் சோற்றோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது. அது வயிற்றிலேயே தங்கி, குட்டியால் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும் வயிற்றில் தீனிக்கான இடத்தை மேலும் குறைக்கிறது.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் சரியானதே. குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் ஆட்டுக்குத் தேவை கூடுகிறது, வயிற்றில் இடமோ குறைகிறது. எனவே ஒரே வேளையில் நிறையப் போடாமல் நாளுக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அகத்தி, சவுண்டல், முருங்கை, பூவரசு, வேம்பு என்று கிடைக்கும் தழைகளை மாற்றி மாற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். மழையில் நனைந்த தழையை உதறி, நிழலில் வாட்டிய பிறகு கொடுங்கள். இதோடு உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் தாதுஉப்புக் கலவை ஆகியவை சேர்ந்த அடர்தீவனத்தை நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரங்களில் 200 முதல் 300 கிராம் வரை உயர்த்தலாம். அரளி இருக்கும் பக்கம் ஆட்டை விடவே கூடாது. அதன் இலை சிறிதளவே போதும், உயிர் போய்விடும்.

நிறைசினை ஆடு திடீரென்று தீனியை விட்டு ஒதுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, நடக்கத் தள்ளாடி, மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசினால் அது சினைக்கால நச்சு நோயாக இருக்கலாம். வயிற்றில் இரண்டு மூன்று குட்டிகள் வளரும்போது தீனி போதாமல், உடம்பிலுள்ள கொழுப்பை வேகமாகக் கரைத்து ஆடு பிழைக்க முயல்வதால் இது வருகிறது. மிகவும் மெலிந்த ஆடுகளுக்கும் மிகவும் கொழுத்த ஆடுகளுக்கும் இது அதிகம் வரும். விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய நோய் இது.

கேள்வி: போன ஆண்டு எங்கள் ஆடு முக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து வாயில் நல்லெண்ணெய் ஊற்றி, அந்தக் காலைப் பிடித்து இழுத்தார். குட்டி செத்துப் பிறந்தது, ஆடும் மூன்றாம் நாள் செத்துப்போனது. இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகர், கொடுங்கையூர்.

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஈற்று எப்படி நடக்கிறது என்பதை முதலில் வரிசையாகச் சொல்கிறேன், அது தெரிந்திருந்தால் எந்த இடத்தில் தவறுகிறது என்பது தானாகவே புலப்படும்.

முதலில் கருப்பை வாய் திறக்கும் நேரம். ஆடு அமைதியின்றி இருக்கும், ஆனால் முக்காது. இது பல மணி நேரம் நீடிக்கலாம். தலையீற்று ஆட்டுக்கு 12 மணி நேரம் வரைகூட ஆகும். இந்த நேரத்தில் மனிதர் செய்யக்கூடியது எதுவுமில்லை. தெருப்பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்க்காமல் இருக்கச் செய்வதே ஆட்டுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் பயந்த ஆட்டுக்கு வலி நின்று நின்று வரும்.

பிறகு பனிக்குடம் வெளியே தெரியும், ஆடு கால்களை நீட்டிப் படுத்துப் பலமாக முக்கத் தொடங்கும். அந்த நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் மருத்துவரை அழைத்துவிட வேண்டும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் குட்டி வெளியே வந்திருக்க வேண்டும். அடுத்த குட்டி பெரும்பாலும் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

சரியான நிலையில் வரும் குட்டியின் இரண்டு முன்னங்கால் குளம்புகளும் முதலில் தெரியும், அவற்றின்மேல் மூக்கு படிந்திருக்கும். குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் அவை முன்னங்கால்கள். அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருந்தால் பின்னங்கால்களாக இருக்கலாம். ஐயமிருந்தால் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். முன்னங்காலில் குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கும், பின்னங்காலில் அவை எதிரெதிர்ப் பக்கம் மடங்கும். இரண்டு பின்னங்கால்களும் சேர்ந்து வந்தால் அதுவும் ஈனக்கூடிய நிலைதான். ஆனால் இடுப்புப் பகுதி வெளியே வந்ததும் தொப்புள்கொடி உள்ளே நசுங்கும் என்பதால் அதன்பின் தாமதம் ஆகக்கூடாது. ஆடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி, மெதுவாகத் துணை செய்து வெளியே கொண்டுவரலாம்.

ஒரு கால் மட்டும் தெரிகிறது, தலை மட்டும் தெரிகிறது, வால் மட்டும் தட்டுப்படுகிறது என்றால் அவை மூன்றுமே இழுக்கக் கூடாத நிலைகள். ஒரு கால் மட்டும் வெளியே இருக்கும்போது மற்றக் கால் உள்ளே மடங்கியிருக்கலாம், தலை பின்னோக்கித் திரும்பியிருக்கலாம். இரண்டு குட்டிகளின் கால்கள் ஒன்றாகச் சிக்கியிருக்கவும் கூடும். வெளியே இருப்பதை இழுக்க இழுக்க உள்ளே இருப்பது எலும்பில் மேலும் இறுகுகிறது, கருப்பை கிழிகிறது. குட்டியை முதலில் உள்ளே தள்ளி, மடங்கியதை நேராக்கி, பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். அது பயிற்சி பெற்ற கைக்குரிய வேலை.

வாயில் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயில் ஊற்றும் எண்ணெய் ஈற்றுப் பாதைக்குப் போவதில்லை. வலியில் மூச்சு வாங்கும் ஆட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கும், இரண்டு மூன்று நாளில் நுரையீரல் அழற்சியால் ஆடு இறக்கும். உங்கள் ஆடு மூன்றாம் நாள் இறந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம், கருப்பையில் ஏற்பட்ட காயமும் காரணமாக இருந்திருக்கலாம்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் துடைத்துச் சளியை எடுத்துவிடுங்கள். மூச்சு விடாவிட்டால் வைக்கோல் நுனியால் மூக்குத் துளையைச் சீண்டி, சாக்குத் துணியால் விலாவை அழுத்தித் தேயுங்கள். மூச்சு வந்ததும் தாயின் முகத்தருகே போட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். தாய் நக்குவதால் குட்டியின் உடல் காய்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது, அந்த வாசனையில்தான் தாய் தன் குட்டியை அடையாளம் கண்டுகொள்கிறது. குளிப்பாட்டுவதும் பவுடர் போடுவதும் வேண்டாம். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நன்றாக நனையும்படி முக்கி எடுங்கள். சாம்பலோ சாணமோ வைத்தால் தொப்புள் வழியாக ரண ஜன்னிக் கிருமி உள்ளே போகும்.

கேள்வி: நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டிக்குச் சீம்பால் கொடுக்க வேண்டும், முன்பே கொடுத்தால் குட்டிக்குச் செரிக்காது என்று என் மாமியார் சொல்கிறார். பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. உண்மையா? – ஒரு வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: உங்கள் மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள், அம்மா. பல தலைமுறையாக நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டு வரும் இந்த வழக்கம் ஏராளமான குட்டிகளின் உயிரை எடுத்திருக்கிறது.

ஆட்டின் சினைக்காலத்தில் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போவதில்லை. எனவே குட்டி ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. அந்தப் பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதை அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் முழுமையாக இருக்கும். நேரம் போகப் போகக் குறைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ மறைந்துவிடும். கொடி விழுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம், சில ஆடுகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை குட்டியைப் பட்டினி போட்டால் திரும்பக் கிடைக்காத நேரம் வீணாகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி ஊட்டியிருக்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி சீம்பாலாவது போய்ச் சேர வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு மனநிறைவு தரும் செய்தி ஒன்றும் உண்டு. குட்டி காம்பில் முட்டி ஊட்டும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் சுரக்கிறது, அதுவே கருப்பையைச் சுருங்கச் செய்து கொடியை வெளியே தள்ள உதவுகிறது. கொடி சீக்கிரம் விழ வேண்டும் என்பதற்காகவே குட்டியை ஊட்டவிட வேண்டும். ஊட்டுவதற்கு முன் மடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு பீச்சுப் பாலை வெளியே விட்டுவிடுங்கள். காம்பு நுனியில் உள்ள மெழுகு போன்ற அடைப்பு அதில் நீங்கிவிடும்.

தொங்கும் கொடியில் கல்லையோ செருப்பையோ கட்டிவிடும் வழக்கமும் வேண்டாம். அந்தக் கனத்தில் கொடி அறுந்து பாதி உள்ளே நின்று அழுகும், சில நேரம் கருப்பையே வெளியே தள்ளிவிடும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும். விழுந்த கொடியை ஆடோ நாயோ தின்னாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். ஈன்ற பிறகு இரண்டு மூன்று வாரம் வரை செம்பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவு போவது இயல்பு, ஆனால் அதில் நாற்றம் வீசினால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். எங்கள் ஆடும் இந்த மாதம் ஈனும். சிறு வயதிலிருந்து ஆட்டோடு வளர்ந்தவள் என்பதால், தானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். விடலாமா? – ஒரு வாசகி, இராயபுரம்.

பதில்: விடக்கூடாது. அவருடைய ஆசையை மதிக்கிறேன், ஆயினும் இதில் எந்தத் தளர்வும் காட்ட முடியாது. ஈனும் ஆட்டின் பனிக்குட நீரிலும் கொடியிலும் புருசெல்லா, கியூ காய்ச்சல் கிருமி, டாக்சோபிளாஸ்மா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். பார்வைக்கு நலமாக உள்ள ஆட்டிலும் இவை இருக்கலாம். கருவுற்ற பெண்ணுக்கு இவை தொற்றினால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேரிடும் வாய்ப்பு உண்டு. ஈனும் இடத்துக்கு அவர் போகக் கூடாது, பிறந்த குட்டியை ஈரத்தோடு தூக்கக் கூடாது, உதவி செய்தவர்களின் உடைகளையும் அவர் துவைக்கக் கூடாது. மற்றவர்களும் கையுறை அணிந்து வேலை செய்து, முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். சீம்பாலையோ பாலையோ காய்ச்சாமல் வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம். சினை ஆடு நாள் முதிரும் முன்பே குட்டியைத் தள்ளிவிட்டால் அதை வெறும் கையால் தொடாமல், மருத்துவரிடம் சொல்லிச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். குட்டிகள் காய்ந்து, துள்ளி விளையாடத் தொடங்கியதும் உங்கள் மகள் தள்ளி அமர்ந்து பார்த்து மகிழட்டும்.

கேள்வி: ஆட்டுத்தொட்டிப் பக்கம் வியாபாரியிடம் ஒரு பெட்டை ஆடு வாங்கினேன். சினை என்று சொல்லி விலை கூட்டி விற்றார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகர், புளியந்தோப்பு.

பதில்: வயிற்றைப் பார்த்துச் சொல்வது நம்பத்தக்கதன்று, நிறையத் தழை தின்ற ஆடும் சினை போலத்தான் தெரியும். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட சினையை ஸ்கேனில் தெளிவாகக் காணலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவ அறிகுறி, அதாவது வாலை ஆட்டுவதும் ஓயாமல் கத்துவதும், தென்படுகிறதா என்று கவனியுங்கள், தென்பட்டால் பெரும்பாலும் சினை இல்லை என்று பொருள். சந்தையிலிருந்து வந்த ஆட்டை மூன்று வாரமாவது மற்ற ஆடுகளிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும், ஏனென்றால் ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. சினை உறுதியானால், ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும்போது துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

கேள்வி: நேற்று எங்கள் ஆடு மூன்று குட்டிகள் போட்டது. இரண்டு நன்றாக ஊட்டுகின்றன. மூன்றாவது சிறியது, நிற்கவே தடுமாறுகிறது. மழையில் குளிர் வேறு அதிகமாக இருக்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? – ஒரு வாசகி, திருவொற்றியூர்.

பதில்: முடியும், சகோதரி. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாள்கள் கடந்துவிடும் என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் குட்டியின் வாய்க்குள் சுத்தமான விரலை வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால் பால் கொடுக்காதீர்கள். குளிர்ந்து துவண்ட குட்டிக்கு விழுங்கும் வலு இருக்காது, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதலில் சூடு ஏற்ற வேண்டும். உலர்ந்த துணியில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் பொதிந்து இரு பக்கமும் வைத்து, ஓர் அட்டைப் பெட்டிக்குள் படுக்க வையுங்கள். இப்போது எல்லா வீடுகளிலும் இருக்கும் எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர வெப்பம் தராது. பழைய குண்டு பல்பு இருந்தால் தொங்கவிடலாம், ஆனால் மழைநீர் படாமலும் ஆட்டின் வாய்க்கு எட்டாமலும் ஒயர் இருக்க வேண்டும்.

வாய் சூடாகி, குட்டி தலையை நிமிர்த்தி, விரலைச் சப்பத் தொடங்கியதும் தாயிடமிருந்து சீம்பாலைக் கறந்து சிறு ரப்பர் காம்பு பொருத்திய பாட்டிலில் கொடுங்கள். ஒரு வேளைக்கு 40, 50 மில்லி போதும், ஆனால் இரவிலும் சேர்த்து நாளுக்கு ஐந்து ஆறு வேளை கொடுக்க வேண்டும். நின்று ஊட்டும்போது குட்டியின் கழுத்து எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும், குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊற்றக் கூடாது. தாய்க்குச் சீம்பால் போதாவிட்டால் அதே நாளில் ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலையோ பசுவின் சீம்பாலையோ கொடுக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை, தண்ணீரும் சர்க்கரையும் கலக்காமல், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொடுத்து வரலாம்.

சிறிய குட்டியைத் தாயிடமிருந்து முழுவதுமாகப் பிரித்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். சில நாள் போனால் தாய் அதை ஏற்காமல் முட்டித் தள்ளும். பெரிய குட்டிகள் ஊட்டி முடித்துப் படுத்திருக்கும் நேரத்தில் இதை மட்டும் மடியில் விட்டு, காம்பை வாயில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை கூடாமலோ குறைந்தோ இருந்தால் குட்டியோடு தாயையும் சேர்த்து அழைத்துப் போங்கள், மடியில் நோய் இருந்தால் அப்போதுதான் தெரியவரும். மூன்று குட்டிகளுக்குப் பால் தரும் தாய்க்கு அடர்தீவனத்தைப் படிப்படியாக உயர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரை நாள் முழுவதும் எட்டும் இடத்தில் வையுங்கள். வாளியை மட்டும் உயரத்தில் கட்டுங்கள், ஏனென்றால் தரையில் வைத்த வாளிக்குள் சிறு குட்டிகள் தலைகீழாக விழுந்துவிடுவது உண்டு.